நீர் ஓடட்டும், பாறை நிற்கட்டும்

நெடுநேரப் படக்கலை: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வங்கி எழுத்தராக வேலை பார்த்துவந்த ஓர் இளைஞர், அந்த வேலையை விட்டுவிட்டு 1863ஆம் ஆண்டு கல்கத்தாவில் வந்திறங்கினார். அவர் பெயர் சாமுவேல் போர்ன். அடுத்த சில ஆண்டுகளில் இமயமலைக்குள் மூன்று நெடும் பயணங்களை மேற்கொண்டார். 1866இல் கின்னௌருக்கும் ஸ்பிதிக்கும் இடையிலுள்ள மணிரங் கணவாயில், 18,000 அடிக்கும் மேலான உயரத்தில் நின்று படம் எடுத்தார். அன்றைய படக்கலை இன்றுபோல் எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கேமராவில் பொருத்திப் படமெடுத்து, காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் உருத்துலக்க வேண்டும். கூடாரம், தகடுகள், இரசாயனப் புட்டிகள் அனைத்தையும் சுமைதூக்குவோர் மலைமேல் கொண்டு சென்றனர்.

அந்தத் தகடுகள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்றன. எனவே லென்ஸின் மூடியைத் திறந்து பல நொடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நொடிகளில் பாறை அசையவில்லை. ஓடையோ ஓடிக்கொண்டே இருந்தது. விளைவாக, அக்காலப் படங்களில் பாறைகள் கூர்மையாகவும், நீர் வெண்பட்டு விரித்தாற்போலவும் காட்சியளிக்கின்றன. அன்று அது கருவியின் குறை. இன்று அதையே ஒரு கலையாகப் பலரும் விரும்பிப் பயில்கின்றனர். ‘லாங் எக்ஸ்போஷர்’ என்று படக்கலைஞர்கள் குறிப்பிடும் நெடுநேரப் பதிவு இதுவே.

ஓய்வு பெற்றபின் புதிதாக ஒன்றைக் கற்க விரும்புவோர், விடுமுறைப் பயணங்களில் நல்ல படங்களுடன் திரும்ப விரும்புவோர் ஆகியோருக்கு இது பொருத்தமான கலை. விரைவு தேவையில்லை, பொறுமை தேவை. பெருஞ்செலவும் தேவையில்லை, ஆனால் எதற்கு முதலில் செலவிடுவது என்ற தெளிவு தேவை.

நிற்பது எது, நகர்வது எது?

1838ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் ஒரு பெருந்தெருவை லூயி டகேர் படம் எடுத்தார். பல நிமிடங்கள் நீடித்த பதிவு அது. வண்டிகளும் மக்களும் நடமாடிய தெருதான். ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்துகொண்டிருந்த எவரும் எதுவும் தகட்டில் பதியவில்லை. ஓரிடத்தில் நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். கேமராவில் பதிந்த முதல் மனித உருவங்களுள் ஒன்றாக அவர் இன்றும் குறிப்பிடப்படுகிறார்.

நெடுநேரப் படக்கலையின் அடிப்படைப் பாடம் முழுவதும் இந்த ஒரு படத்தில் அடங்கியிருக்கிறது. நின்றது நிலைக்கும், நகர்ந்தது தடமாக மாறும், அல்லது மறைந்துபோகும். ஆகவே படம் எடுக்குமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: இக்காட்சியில் நகர்வது எது? நிற்பது எது?

புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். அலையின் அழகில் மயங்கி, கடலை மட்டுமே படமாக்குகின்றனர். முப்பது நொடிகளுக்குப் பின் திரையில் தெரிவது சாம்பல் நிறப் பரப்பு மட்டுமே. அதே சட்டத்தில் ஒரு பாறையோ, பழைய மரத்தூணோ, கலங்கரை விளக்கமோ இருந்திருந்தால் கண்ணுக்குப் பற்றுக்கோடு கிடைத்திருக்கும். நீரின் மென்மை பாறையின் உறுதிக்குப் பக்கத்தில்தான் புலப்படும்.

வாரணாசியின் படித்துறைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவை கங்கையின் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி அமைந்தவை. ஆதலால் காலைக் கதிரொளி படிகளின்மேல் நேராக விழுகிறது. அங்கே கட்டிவைக்கப்பட்ட படகுகளைக் கண்டதும் அவற்றையே முதன்மைப் பொருளாக்க மனம் விரும்பும். ஆனால் கயிற்றில் கட்டிய படகு நிற்பதுபோல் தோன்றினாலும் நீரோடு மெல்ல அசைந்துகொண்டேயிருக்கும். பத்து நொடிப் பதிவில் அது மங்கிவிடும். படிகளும் மண்டபங்களும் மட்டுமே உண்மையில் நிற்பவை. இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்வதே முதல் பயிற்சி.

மூன்று கட்டுப்பாடுகள்

கேமராவுக்குள் செல்லும் ஒளியை மூன்று கட்டுப்பாடுகள் நிர்ணயிக்கின்றன. முதலாவது ஷட்டர்: கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. இரண்டாவது அப்பெர்ச்சர்: கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது. மூன்றாவது ஐ.எஸ்.ஓ.: வந்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது.

நெடுநேரப் பதிவுக்குக் கதவு நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். எனவே மற்ற இரண்டையும் குறைக்கிறோம். ஐ.எஸ்.ஓ.வை 100 அளவில் வைக்கலாம். அப்பெர்ச்சரை எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைப்பது நல்லது. எஃப் 22 வரை சுருக்கினால் இன்னும் நீண்ட நேரம் கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் மிகச் சிறிய துளையின் வழியே செல்லும் ஒளி விளிம்புகளில் சிதறுவதால் படத்தின் கூர்மை குறைந்துவிடும்.

பகல் ஒளி இவற்றுக்கெல்லாம் அடங்காது. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 என்று வைத்தாலும் ஏறத்தாழ 1/125 நொடியே போதுமானதாக இருக்கும். அந்த நேரத்தில் அலை உறைந்து நிற்கும், பட்டாக மாறாது. இங்கேதான் ‘என்.டி. ஃபில்டர்’ உதவுகிறது. இது லென்ஸின் முன் பொருத்தும் கருநிறக் கண்ணாடி. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி போன்றது. நிறங்களைப் பெரிதும் மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும்.

இருமடங்குக் கணக்கு

ஃபில்டரின் அடர்த்தியை ‘ஸ்டாப்’ என்ற அலகால் அளக்கின்றனர். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகக் குறைகிறது. ஆகவே நேரத்தை இருமடங்காக்க வேண்டும். கூட்டு வட்டியில் முதலீடு இருமடங்காகும் கணக்கை அறிந்த வாசகர்களுக்கு இது கடினமன்று. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஆறு முறை இருமடங்கானால் 64. பத்து முறை இருமடங்கானால் 1,024. கணக்குக்கு 1,000 என்று கொள்ளலாம்.

எனவே ஃபில்டர் இல்லாதபோது 1/125 நொடி தேவைப்பட்ட காட்சிக்கு, 10 ஸ்டாப் ஃபில்டர் பொருத்தினால் 8 நொடி தேவைப்படும். மாலையில் ஒளி குறைந்து 1/60 நொடியாக இருந்தால் 16 முதல் 17 நொடி. 1/15 நொடியாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆறு ஸ்டாப் ஃபில்டரானால் 1/60 நொடி ஏறத்தாழ ஒரு நொடியாகும். இக்கணக்கைத் தாளில் எழுதிக் கேமராப் பையில் வைத்துக்கொண்டால் களத்தில் தடுமாற்றம் இராது.

எவ்வளவு நேரம் என்பது காட்சியைப் பொறுத்தது. அருவியில் அரை நொடி முதல் இரண்டு நொடி வரை வைத்தால் நீரின் இழைகள் தனித்தனியே தெரியும். அதற்கு மேல் சென்றால் இழைகள் ஒன்றாகி வெறும் வெண்மையாகிவிடும். கரையில் மோதிப் பின்வாங்கும் அலையை ஒரு நொடி அளவில் எடுத்தால் நுரைக் கோடுகள் அழகாகப் பதியும். அதே கடலை அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் பனிமூட்டம்போல் தோன்றும். மேகங்களின் ஓட்டம் தெரிய ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை தேவைப்படலாம். ‘நீண்ட நேரம் எடுத்தால் நல்ல படம்’ என்பது பிழையான எண்ணம். காட்சிக்கு ஏற்ற நேரமே நல்ல நேரம்.

செலவின் வரிசை

இக்கலையில் ஆர்வம் வந்தவுடன் பலர் புதிய கேமரா வாங்கக் கடைக்குச் செல்கின்றனர். அது கடைசியில் வர வேண்டிய செலவு. ஷட்டர் நேரத்தை நாமே அமைக்கக்கூடிய எந்தப் பழைய கேமராவும் போதும். ‘ப்ரோ’ முறையில் ஷட்டர் நேரத்தை மாற்றும் வசதி பல கைபேசிகளிலும் உண்டு. தொடங்குவதற்கு அதுவும் உதவும்.

முதல் செலவு முக்காலிக்கே உரியது. கதவு திறந்திருக்கும் நேரத்தில் கேமரா மயிரிழை அசைந்தாலும் பாறையும் மங்கிவிடும். மெலிந்த கால்களுடைய மலிவான முக்காலியை வாங்கி, காற்றில் ஆடும் படங்களை எடுத்து, பின்னர் உறுதியான ஒன்றை வாங்குவோர் இருமுறை செலவிடுகின்றனர். இரண்டாவது செலவு ஒரே ஒரு ஃபில்டர். முதலில் 6 ஸ்டாப் ஃபில்டர் வாங்குவது காலை, மாலை நேரங்களுக்குப் போதுமானது. தொலைவிலிருந்து இயக்கும் விசை மூன்றாவது. பெரும்பாலான கேமராக்கள் தாமாக 30 நொடிகள் வரையே கணக்கிடும். அதற்கு மேல் ‘பல்ப்’ என்னும் முறைக்கு மாற்றி இந்த விசையால் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

முதல் மாதம் ஃபில்டர்கூட வேண்டியதில்லை. கதிரவன் மறைந்த பின் இருபது, முப்பது நிமிடங்களில் வானம் ஆழ்ந்த நீலமாகும். அப்போது ஒளி இயல்பாகவே குறைந்திருப்பதால் பல நொடிப் பதிவுகள் தாமாகவே கிடைக்கும். வீட்டு மொட்டை மாடியே பயிற்சிக்கூடம். அசையாத கட்டடத்தையும் அதன் பின்னால் நகரும் மேகத்தையும், அல்லது சாலையில் செல்லும் வாகன விளக்குகளின் கோடுகளையும் எடுத்துப் பழகலாம். ஒரே காட்சியை 1 நொடி, 4 நொடி, 15 நொடி என்று மூன்று விதமாக எடுத்து ஒப்பிட்டால், ஒரு மாலையில் கற்பது ஏராளம்.

களத்தில் செய்முறை

1. ஃபில்டர் இல்லாமல் காட்சியை அமைக்கவும். முக்காலியின் கால்களை உறுதியாக ஊன்றவும். மணலில் என்றால் சற்று அழுத்திப் புதைக்கவும்.

2. முன்புறப் பாறையிலோ கட்டடத்திலோ ஃபோகஸ் செய்து, பின்னர் ஃபோகஸைக் கைம்முறைக்கு மாற்றிவிடவும். அடர்ந்த ஃபில்டர் வழியே கேமராவால் ஃபோகஸ் தேட இயலாமல் போகலாம்.

3. முக்காலியில் வைத்தபின், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியை நிறுத்தவும். இல்லாத அசைவை அது தேடி, சில கேமராக்களில் படத்தை மங்கச் செய்யும்.

4. ஒரு சோதனைப் படம் எடுத்து, சரியான ஷட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.

5. ஃபில்டரைப் பொருத்தி, முன் சொன்ன கணக்கின்படி நேரத்தைப் பெருக்கி அமைக்கவும். கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமராவானால், கண் வைத்துப் பார்க்கும் துளையைத் துணியால் மூடவும். அதன் வழியே நுழையும் ஒளி படத்தைக் கெடுக்கும்.

6. விரலால் அழுத்தாமல், இரண்டு நொடித் தாமதத்துடன் இயங்கும் டைமரையோ தொலைவிசையையோ பயன்படுத்தவும்.

7. படம் இருண்டிருந்தால் நேரத்தை இருமடங்காக்கவும், வெளிறியிருந்தால் பாதியாக்கவும்.

ஒரு நிமிடப் பதிவு முடிந்தபின்னும் கேமரா மேலும் ஒரு நிமிடம் அசைவற்றிருந்தால் அஞ்ச வேண்டாம். நெடுநேரப் பதிவில் தோன்றும் புள்ளிகளை நீக்குவதற்காக, பல கேமராக்கள் அதே அளவு நேரம் கதவை மூடி இன்னொரு பதிவெடுத்து ஒப்பிடுகின்றன. விரும்பினால் இவ்வசதியை நிறுத்தி வைக்கலாம்.

எங்கே செல்லலாம்?

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் சராவதி ஆறு 253 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஜோக் அருவி, நான்கு தாரைகளாகப் பிரிந்து இறங்குவது. ஆற்றின் மேற்பகுதியில் லிங்கனமக்கி அணை இருப்பதால், நீரின் அளவு பருவத்துக்கு மட்டுமன்றி அணைக்கும் கட்டுப்பட்டது. மழை மாதங்களில் நீர் மிகும். ஆனால் மூடுபனி அருவியை அடிக்கடி மறைத்துவிடும். மழை சற்று ஓய்ந்த நாட்களில் தாரைகளின் இடையே கரும்பாறை தெரியும். நெடுநேரப் பதிவுக்கு அந்தப் பாறைதான் வேண்டும்.

ஒடிசாவின் பாலேஸ்வர் மாவட்டத்திலுள்ள சாந்திப்பூர் கடற்கரையில், தாழ் ஓதத்தின்போது கடல் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரை பின்வாங்குகிறது. ஈர மணலில் வானம் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும். அங்கே செல்வோர் கதிரவன் உதிக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓதத்தின் நேரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு உயர் ஓதங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் இடைவெளி இருப்பதால், நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

விண்மீன்களைப் படமெடுக்க விரும்புவோருக்கு லடாக்கின் ஹான்லே உண்டு. இந்திய வானாய்வகம் அமைந்துள்ள அப்பகுதி, இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டுள்ளது. புவி சுழல்வதால் விண்மீன்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோல் தோன்றும். அவை புள்ளிகளாகவே பதிய வேண்டுமெனில் நேரத்துக்கு எல்லை உண்டு. 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பதே ஏறத்தாழ அந்த எல்லை. முழுச்சட்டக் கேமராவில் 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி. அதற்கு மேல் போனால் விண்மீன்கள் கோடுகளாகும். பல மணி நேரம் தொடர்ந்தால் துருவ விண்மீனைச் சுற்றிய வளையங்களாகும். துருவ விண்மீன் கன்னியாகுமரியில் அடிவானத்திலிருந்து 8 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ஹான்லேயில் ஏறத்தாழ 33 பாகை. ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அங்கே அதன் உயரமும் அவ்வளவே. ஹான்லே 4,000 மீட்டருக்கும் மேல் அமைந்தது. லே நகரில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொண்ட பின்னரே அங்கே செல்ல வேண்டும். குளிரில் மின்கலம் விரைவில் தீரும். மாற்று மின்கலத்தைச் சட்டைப்பைக்குள் வெதுவெதுப்பாக வைத்திருப்பது நலம்.

கடலுக்கு முதுகு காட்டாதீர்

படம் நன்றாக வரவில்லையெனில் மறுநாள் எடுக்கலாம். பிழைக்கு மறுவாய்ப்புத் தராத ஒன்றும் இக்கலையில் உண்டு. ரத்னகிரி அருகே ஒரு கடற்கரையில், மாலைப்பொழுதில், பாறை ஒன்றின்மேல் முக்காலியை நிறுத்தி ஒரு நிமிடப் பதிவுகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் படம் சற்று இருண்டிருந்தது, நேரத்தைக் கூட்டினேன். இரண்டாவது வெளிறியது, குறைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பின் குனிந்து திரையைப் பார்த்தேனேயன்றிக் கடலைப் பார்க்கவில்லை. உயர் ஓதம் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. நான்காவது பதிவின்போது ஓர் அலை முழங்கால்வரை வந்து மோதியது. வழுக்கி விழுந்தேன். முக்காலியைப் பிடித்த கை சிராய்த்தது. ஃபில்டர் கடலுக்குள் போயிற்று. நான் வந்த மணல்வழியும் நீருக்குள் மூழ்கியிருந்தது. இருட்டுமுன் பாறைகளின் வழியே ஏறிக் கரைசேர்ந்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நெடுநேரப் பதிவு கண்ணை ஏமாற்றும். திரையில் கடல் அமைதியான பனிப்பரப்பாகத் தெரியும்; நேரில் அது அமைதியாக இராது. ஆகவே சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். ஓத நேரத்தை முன்னரே அறிந்து, கடல் இறங்கிக்கொண்டிருக்கும் வேளையைத் தேர்ந்தெடுக்கவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் மிகுந்திருக்கும் என்பதை மறவாதீர். பாறைமேல் ஏறுமுன் பத்து நிமிடம் நின்று அலைகளைக் கவனிக்கவும். ஈரமான பாறை எதுவோ, அதுவரை அலை வந்திருக்கிறது என்று பொருள். தனியாகச் செல்ல வேண்டாம். உடன் வருபவர் கடலைப் பார்க்கட்டும். நீங்கள் திரையைப் பாருங்கள். அருவிகளிலும் ஆறுகளிலும் மேற்பகுதியில் பெய்யும் மழையாலும், அணை திறப்பாலும் நீர் திடீரென உயரலாம். தடுப்புக்கு அப்பால் செல்லாதீர். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களில் முக்காலி பயன்படுத்த முன் அனுமதி தேவை என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

காத்திருப்பின் பயன்

கைபேசியில் ஒரு நிமிடத்தில் முப்பது படம் எடுக்கும் காலம் இது. நெடுநேரப் படக்கலையில் ஒரு மாலை முழுவதும் செலவிட்டாலும் பத்துப் படங்கள்தாம் கிடைக்கும். அவற்றுள் ஒன்று தேறினால் அது நல்ல மாலை. கதவு திறந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. காற்றின் திசை மாறுவதையும், மேகம் நகர்வதையும், ஏழாவது, எட்டாவது அலை சற்றே பெரிதாக வருவதையும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

சில மாதங்கள் பழகியபின், கேமரா கையில் இல்லாதபோதும் அந்தப் பார்வை உடன் வருவதை உணரலாம். எந்த இடத்துக்குச் சென்றாலும், இங்கே நிற்பது எது, நகர்வது எது என்று கண் தானாகத் தேடும். அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும் வாசகர்கள், அதற்கு முன் ஒரு மாலை தங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து தொடங்கலாம். அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். மற்றவற்றைக் காலம் எழுதிக்கொள்ளும்.